வெளிப்பக்கம் திறக்கிற கதவு

போர்க்கப்பல் வரைவது என் வேலை. அதைக் கோவில்பட்டியில் உட்கார்ந்து செய்கிறேன் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எதிர்வீட்டு மதினி ஒரு நாள், "குடிதண்ணி வரதுக்கே எட்டு நாளு ஆவுது, நீ எதுலட்டி கப்பல் விடப் போற?" என்று கேட்டாள். "உங்க வீட்டுச் சாக்கடையிலதான், அதுதான் நல்ல ஆழம்" என்றேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. வாய் மட்டும் இல்லையென்றால் உன்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அக்கா சொல்வாள். அது உண்மைதான். அந்த வாயால்தான் ஒரு வாதத்தில் ஜெயித்தேன், அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டில் நானும் அக்காவும் மட்டும். நான் படித்துவிட்டு ஒரு பெரிய நகரத்தில், கப்பல் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். தொற்றுக் காலத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் திரும்பிப் போனார்கள், நான் போகவில்லை. முன்னறையில் ஒரு மேசை, இரண்டு திரை, கரண்டு போனால் இன்வெர்ட்டர். அதுதான் என் ஆபீஸ். அக்காவுக்கும் ஆபீஸ்தான். விளாத்திகுளம் போகிற ரோட்டை விட்டு உள்ளே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற பட்டாசுத் தொழிற்சாலை. எங்கள் பக்கத்தில் அதைப் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். காலையில் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். நான் லேப்டாப்பைத் திறப்பேன்.

நான் சொல்லப் போகிற கப்பல்களின் வேலை எங்களுக்கு வந்தது ஐரோப்பாவில் இருக்கிற ஒரு நாட்டிடமிருந்து. அந்த நாட்டுக்கு வேறொரு சமுத்திரத்தில் சில தீவுகள் இருக்கின்றன. பல தலைமுறைக்கு முன்னால் பிடித்த தீவுகள். இன்னும் விடவில்லை. காலனி என்று இப்போது சொல்லமாட்டார்கள், கடல்கடந்த பகுதி என்பார்கள். நாய்க்குப் பேர் முத்துமாலை. அந்தத் தீவுகளின் துறைமுகங்களைக் காவல் காக்க ஒரே மாதிரி நாலு சின்னப் போர்க்கப்பல்கள் வேண்டும். துறைமுகத்தில் ஆழம் இல்லை, ஆகவே கப்பல் அதிகம் முங்கக் கூடாது. முன்பக்கம் ஒரு பீரங்கி. யாரிடமிருந்து காவல் என்று பார்த்தால், 'சிறு படகுகள்' என்று எழுதியிருந்தது. சிறு படகில் அந்தத் தீவுக்கு யார் வருவார்கள்? பக்கத்துத் தீவுக்காரன்தான் வருவான். கொண்டான் கொடுத்தான் உறவு இருக்கிறவனாக இருப்பான்.

இதை எங்கள் மூத்த சரிபார்ப்பாளரிடம் கேட்டேன். நான் வரைவதை வரிக்கு வரி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். குமரிக் கடற்கரைக்காரர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். "பீரங்கி எந்தப் பக்கம் திரும்பும்னு நம்மட்ட கேக்கல்ல மக்கா. எத்தன டன்னு தாங்கணும்னு மட்டுந்தான் கேட்டிருக்கான்" என்றார். வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கித்தான் நம் ஆளைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டான் என்று பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசித்தவள் நான். கூச்சமாக இல்லையா என்றால், முதல் இரண்டு நாள் இருந்தது. பிறகு வேலை பிடித்துப்போயிற்று. வேலை பிடித்துப்போனால் கூச்சம் போய்விடும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம்தான்.

என் பங்கு கப்பலின் முன்பாதி. பீரங்கிக்குப் பின்னால், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, பன்னிரண்டு பேர் தூங்குகிற ஒரு அறை. அதிகாரிகளுக்கு மேலே, ஜன்னலோடு அறைகள். அவர்கள் அந்த நாட்டிலிருந்து வருவார்கள். கீழே தூங்கப் போகிறவர்கள் தீவிலேயே சேர்க்கிற பையன்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு ஏணி. ஏதாவது நடந்தால் அந்தப் பன்னிரண்டு பேரும் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே நான் முதல் வரைபடத்திலேயே இரண்டாவது வழி ஒன்று போட்டேன். கூரையில் ஒரு மூடி, அதைத் தூக்கினால் நேரே மேல்தளம், வானம்.

ஒரு மாதம் கழித்து வரைபடம் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. பீரங்கியைப் பெரிதாக்கிவிட்டார்கள். அதன் அடித்தளம் என் மூடி இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. மூடியை நீக்கவும், ஏணி ஒன்று போதும் என்று எழுதியிருந்தார்கள்.

அன்றைக்கு அக்கா வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். திரையைக் காட்டிச் சொன்னேன்.

"ஏட்டி, பன்னெண்டு பேருக்கு ஒரு ஏணியா? அங்கன வேலய மேற்பாக்க போர்மேன்னு ஒருத்தன் கெடையாதா?"

"கப்பல்ல போர்மேன் ஏதுக்கா?"

"எங்க ஆபீஸ்ல ஒரு ரூமுக்கு நாலு பேருதான் உக்காரணும். அதுக்கே சுத்திக் கதவு வச்சிருக்கான். செத்துருவாளுவன்னு பயந்து இல்ல, கேஸ் வந்துரும்னு பயந்து. இவனுக்கு அந்தப் பயமும் இல்ல போலுக்கே."

அக்காவின் இடது கையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முழங்கையிலிருந்து விரல்வரை தோல் சுருங்கி, நிறம் மாறி இருக்கும். நான் பிளஸ் டூ படிக்கும்போது அவள் வேலை பார்த்த இடத்தில் பட்டாசு மருந்து உராய்ந்து தீப்பிடித்தது. அக்கா இருந்த ரூமில் நாலு பேர். கதவு வெளிப்பக்கம் திறக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி. நாலு பேரும் ஓடிய வேகத்தில் கதவு தானாகத் திறந்து, வெளியே கரிசல் மண்ணில் விழுந்து பிழைத்தார்கள். பக்கத்து ரூமில் அதற்கு முந்தின வாரம் கீல் போயிருந்தது. சரிசெய்தவன் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். யாரும் கவனிக்கவில்லை. அங்கே நாலு பேரும் ஓடி வந்து கதவின்மேல் விழுந்தார்கள். முன்னால் இருந்தவளுக்குக் கதவை இழுக்க இடம் இல்லை, பின்னால் இருந்தவர்கள் நகரவில்லை. தீயை அணைத்த பிறகு கதவைத் திறக்க முடியாமல் உடைத்தார்கள். காரணம் என்ன என்று கேட்காதீர்கள்.

அதன் பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் கதவைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் அக்கா முதலில் பந்தியைப் பார்க்கமாட்டாள். வாசல் எத்தனை, எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். அவளோடு வேலை பார்க்கிற எல்லாரும் அப்படித்தான். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கையைப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். தகவல் ஒன்றும் வரவில்லை. அக்கா இன்னும் அதே வேலைக்குத்தான் போகிறாள். வேறு எங்கே போவாள்?

சிவப்புக் கோட்டுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் சண்டை போட்டேன். இரண்டாவது வழி இல்லாமல் இந்த அறையின் வரைபடத்தில் என் பெயர் இருக்காது என்று எழுதினேன். வீடியோ கூட்டத்தில் அவர்களுடைய ஆள் ஒருவர், நீங்கள் கடலில் வேலை பார்த்தவரா என்று மரியாதையாகக் கேட்டார். "இல்லை, நெருப்புக்குப் பக்கத்தில் வளர்ந்தவள்" என்றேன். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. கூரையில் இடம் கிடையாது. ஆனால் அறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது, கயிறு, பெயிண்ட், சங்கிலி வைக்கிற இடம். அறைச்சுவரில் ஒரு கதவு போட்டு ஸ்டோருக்குள் போய், அங்கிருந்து ஒரு ஏணியில் மேல்தளத்துக்கு ஏறலாம். சரி என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி. நான் யோசிக்கக்கூட இல்லை, ஸ்டோர் பக்கம் திறக்கிற மாதிரி போட்டேன். ஓடி வருகிறவன் முட்டினால் திறக்க வேண்டும். அண்ணாச்சி வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார்.

"மக்கா, இந்தக் கதவு அறைப்பக்கம் தொறக்கட்டும். ஸ்டோர்ப் பக்கம் வேண்டாம்."

"ஏன் அண்ணாச்சி? விதியே தப்பிக்கிற திசையிலதான் தொறக்கணும்னு இருக்கு."

"விதி சரிதான். ஸ்டோர்ல சாமான் கெடக்கும். வந்து அடைச்சிரும்."

"அடைக்காது. கதவுக்கு முன்னால தரையில மஞ்சக் கட்டம் போட்டிருக்கேன். எதையும் வைக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கேன். எல்லாத்தையும் கட்டி வைக்க வளையம் குடுத்திருக்கேன்."

"மனுசன் வைக்க மாட்டான் மக்கா. கடல்ல சாமான் தானா நடக்கும்."

இந்த வார்த்தை என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. எங்கள் ஊரில் வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கும். உரல், குடம், மருந்துப் பெட்டி எதுவுமே நடக்காது. பயர் ஆபீஸில் கதவுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் காலி மண். எனக்குத் தெரிந்த 'வெளியே' அது ஒன்றுதான். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு, பிறகு திருச்செந்தூரில் குளித்த கடல். இருபது வருஷம் கப்பலில் உருண்டு எழுந்த மனிதர் சொல்கிறார், நான் அவருக்கு அக்கா கதையைச் சொன்னேன். பக்கத்து ரூம் கதவைச் சொன்னேன். உள்பக்கம் திறக்கிற கதவு என்ன செய்யும் என்று என் வீட்டில் வந்து கேளுங்கள் அண்ணாச்சி என்று சொன்னேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். குரல் உயர்ந்துவிட்டது. கடைசியில் அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நான் அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, "சரி மக்கா. உன் இஷ்டம்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அக்காவிடம் சொன்னபோது அவளுக்குப் பெருமை. "பன்னெண்டு பேருக்கு வழி விட்டுட்டா எந்தங்கச்சி" என்று எதிர்வீட்டு மதினியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மதினி அன்றைக்கு எங்களுக்குப் பணியாரம் கொடுத்தாள். நான் அதை வாங்கித் தின்றேன்.

இரண்டு வருஷத்தில் முதல் கப்பல் கட்டி முடிந்து அந்தத் தீவுக்குப் போயிற்று. போட்டோ அனுப்பினார்கள். சாம்பல் நிறம், மேல்தளத்தில் வரிசையாகப் பையன்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் நம் பக்கத்துப் பையன்கள் மாதிரிதான் இருந்தார்கள். போட்டோவைப் பெரிதாக்கி ஒவ்வொருவராகப் பார்த்தேன். மற்ற மூன்றையும் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன ஐப்பசியில் ஒரு மெயில் வந்தது, இரண்டே வரி. மீதிக் கப்பல்களில் ஸ்டோர் கதவு அறைப்பக்கம் திறக்குமாறு வரைபடத்தை மாற்றவும். காரணம்: பயன்பாட்டு அனுபவம்.

நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. கப்பல் கட்டும் தளத்தில் இருக்கிற பழைய சிநேகிதர் மூலம் கேள்விப்பட்டிருக்கிறார், என்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக மனசிலேயே வைத்திருந்திருக்கிறார்.

கடல் கொந்தளிப்பாக இருந்த ஒரு நாள், ஏணி இருக்கிற பக்கம் எண்ணெய் கசிந்து தீப்பிடித்திருக்கிறது. கீழே அறையில் ஏழு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் உடனே ஏணியில் ஏறிவிட்டார்கள். அதற்குள் ஏணி நெருப்புக்குள் போய்விட்டது. ஐந்து பேர் கதவுக்கு வந்தார்கள். ஸ்டோருக்குள் கயிற்றுச் சுருளும் பெயிண்ட் டின்களும் கட்டு அறுந்து, கப்பல் சாய்ந்த பக்கமெல்லாம் போய்வந்து, கடைசியில் கதவோடு வந்து அடைந்துகொண்டன. மஞ்சள் கட்டத்துக்கு மேலேதான்.

"கதவு தொறந்துச்சா அண்ணாச்சி?"

"நாலு விரக்கடை தொறந்திருக்கு."

"அப்புறம்?"

"வேண்டாம் மக்கா."

"சொல்லுங்க."

"ஒரு பயலுக்க கை மட்டும் ஸ்டோர்ப் பக்கம் வந்திருந்துதாம்."

போனை வைத்துவிட்டேன். முகத்தைக் கழுவிவிட்டு மறுபடியும் போன் போட்டு, நீங்கள் சொன்னீர்கள், நான் கேட்கவில்லை என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "சொன்னேன். சொல்லிட்டுக் கையெழுத்தும் போட்டேன். சின்னப்புள்ள அழுதாளேன்னு போட்டேன். கடல்ல கெடந்தவன் நான், நீயில்ல" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

அந்த ஐந்து பேரின் பெயர்கள் எனக்குத் தெரியாது. கேட்டு எழுதினேன், பதில் இல்லை. அவர்களுக்கு அக்கா தங்கச்சி இருப்பார்கள். அந்தக் கதவு ஏன் அப்படி இருந்தது என்று அவர்கள் யாரிடமாவது கேட்டிருப்பார்கள். யாரும் என் பெயரைச் சொல்லியிருக்கமாட்டார்கள். பனைமரத்தில் தேள் கொட்டினால் தென்னைமரத்தில் நெறி கட்டுமாம் என்று கேலியாகச் சொல்வார்கள். கரிசல் காட்டில் ஒருத்தி கோபத்தில் போட்ட கோடு எந்தச் சமுத்திரத்திலோ போய் ஐந்து பேரை அடைத்துவிட்டது என்று சொன்னால் இங்கே யார் நம்புவார்கள்?

மழைக்காலம் என்பதால் அக்காவுக்கு வேலை இல்லை. மருந்து காயாது, ஆபீஸை மூடிவிடுவார்கள். போன் பேசிய அன்றைக்கு மத்தியானம் அவள் என் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து உளுந்தில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரைபடத்தைத் திறந்தேன். கதவு என்பது திரையில் ஒரு கோடும் கால்வட்டமும். கால்வட்டம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கதவு திறக்கும். அதைத் தொட்டு, கண்ணாடிபோல மாற்று என்று ஒரு கட்டளை கொடுத்தால் மறுபக்கம் போய்விடும். கொடுத்தேன், போய்விட்டது.

"என்னட்டி காலையில இருந்து ஒரு மாதிரி இருக்க?"

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணாச்சி தடுத்ததையும், அவள் கதையைச் சொல்லி நான் ஜெயித்ததையும் சொன்னேன். அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எத்தன பேரு?"

"அஞ்சு."

"என்ன வயசு இருக்கும்?"

"இருபது, இருபத்திரெண்டு."

அவள் சுருங்கிய கையை மறு கையால் பிடித்துக்கொண்டாள். அது வலிக்கிற கை இல்லை, உணர்ச்சியே கிடையாது.

"இப்ப என்ன செய்யுத?"

"கதவ உள்பக்கம் மாத்துதேன். மத்த மூணு கப்பலுக்கு."

"உள்பக்கமா?"

"ஆமா."

"அப்போ அந்தப் பயலுவ ஓடியாந்து கதவு மேல விழுவாம்லா. பக்கத்து ரூம்ல விழுந்தாளுவள்லா, அந்த மாதிரி."

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மேல ஒரு மூடி வச்சிருந்தியே, வானம் தெரியும்னியே. அது எங்க?"

"அங்க பீரங்கி நிக்கிக்கா."

அக்கா எழுந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கால்வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் மாற்றிக் காட்டினேன், பிறகு இந்தப் பக்கம். அவள் சொன்னாள்:

"எந்தப் பக்கம் தொறந்தா என்னட்டி. அங்கிட்டு வெளியின்னு ஒண்ணு இருக்கணும்லா."

மூடியைத் திரும்ப வைக்க வேண்டும், பீரங்கியைச் சின்னதாக்க வேண்டும் என்று அன்றைக்கே நாலு பக்கம் எழுதினேன். அடுத்த நாள் பதில் வந்தது. பீரங்கிகள் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டன, கதவை மட்டும் மாற்றி அனுப்பவும். அண்ணாச்சி இந்த முறை கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வேறொருவர் போட்டார். வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதை அழிக்க எனக்கு அனுமதி இல்லை. இரண்டாவது கப்பல் தையில் தண்ணீரில் இறங்கியது. கீழ் அறையில் பன்னிரண்டு படுக்கைகள் போட்டிருக்கிறார்கள்.